கேமராவுக்குப் போர்வை போர்த்திய நாள்

என் மனைவியின் தம்பி சினிமாக்காரன். போன வருஷம் பிலிம் ரோலில் ஓடும் பழைய கேமரா ஒன்றோடு செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் வந்து இறங்கினான். ஆளாளுக்கு போனிலேயே படம் எடுக்கிற காலத்தில் இது எதற்கு என்று கேட்டேன். "பிலிம்லதான் மாமா உயிர் இருக்கு" என்றான். இருந்திருக்கும். பட்டனை அழுத்தியதும் அந்த உயிர் தையல் மெஷின் மாதிரி கத்தியது.

குறும்படத்தில் ஒரே காட்சிதான் பாக்கி. கேஸ் புக் பண்ண மறந்த கணவனை மனைவி வராண்டாவில் வைத்துத் திட்டுகிறாள். வசனம் தான் எழுதியது என்று சொல்லிக்கொண்டான். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கிய யாரும் எழுதியிருக்கலாம். மனைவியாக என் மனைவி. கணவனாக என் முதுகு. முகம் வேண்டாமாம்.

ரோலும் ஒன்றுதான் மிச்சம். மற்றதையெல்லாம் எங்கள் ஊர் மலையை எடுத்தே தீர்த்திருந்தான். அசையாத மலைக்கு எதற்கு அசையும் படம் என்று நான் கேட்கவில்லை. மைத்துனன்.

"லைவ் சவுண்ட் எடுக்கறோம்க்கா. கேமரா சத்தம் விழுந்துட்டா மட்டும் சென்னையில வேற ஒரு பொண்ண வச்சு டப்பிங் பண்ணிக்கலாம்" என்றான்.

வேங்கிக்கால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்ற என் மனைவிக்கு முகம் மாறியது. "எங்க கல்யாண வீடியோலயே நான் பேசின இடத்துல எல்லாம் சினிமா பாட்டப் போட்டு மூடிட்டாங்கடா. இதுலயும் வேற எவளோ பேசினா நான் எதுக்கு வாயத் தொறக்கணும்? என் குரல்தான் வரணும்."

சத்தத்தைக் கம்மி பண்ணும் வேலை ஆரம்பித்தது. கேமராவைப் படுக்கையறைக்குள் வைத்து, மூடிய ஜன்னல் கண்ணாடி வழியே வராண்டாவை எடுப்பது என்று முடிவானது. கேமராவுக்கு இரண்டு கம்பளிப் போர்வை. ஜுரம் வந்த குழந்தைபோல லென்ஸ் மட்டும் எட்டிப் பார்த்தது. மைக்கைத் துளசித் தொட்டிக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகு காட்டி வைத்தான். இப்போது சத்தம் தேனீ முனகுகிற அளவுக்கு இறங்கிவிட்டது.

மிச்சம் தெருச் சத்தம். அதற்கு யோசனை சொன்னது நான். 'அமைதி. தியானம் நடைபெறுகிறது' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி கேட்டில் மாட்டினேன். தெருவுக்குத் தெரு ஆசிரமம் இருக்கும் எங்கள் பகுதியில் இதற்குக் கட்டுப்படாதவர் கிடையாது. ஆட்டோக்காரர்கூட ஹாரன் அடிக்காமல் போனார். பெருமையோடு போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

கேமரா ஓடியது. என் மனைவி திட்ட ஆரம்பித்தாள். பாதியில் கேட் திறந்தது. ருத்ராட்சம் போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் வந்தார், ஜன்னலுக்குக் கீழே சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார். நல்லவேளை, சுவரோரமாகவே வந்ததால் படத்தில் விழவில்லை. தியானம் நடக்கிறது என்று போர்டு மாட்டினால் தியானம் பண்ணுகிறவர் வருவார் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பிலிமை வீணாக்கக்கூடாதென்று அவள் நிறுத்தவில்லை. போர்வைக்குள்ளிருந்து வந்த முனகலை அவர் என்னவென்று நினைத்தாரோ, அதே சுருதியில் "ஓம்" என்று சேர்ந்துகொண்டார். ரோல் முடியும்வரை விடவில்லை. பிறகு எழுந்து, இந்த இடத்தில் அதிர்வுகள் அபாரம் என்று இங்கிலீஷில் சொல்லிக் கும்பிட்டுப் போனார்.

மைத்துனன் தலையில் கை வைத்தான். "படம் ஓகேக்கா. சவுண்டுதான் போச்சு. டப்பிங்தான்."

"ஏன், நான் ஊருக்கா போயிட்டேன்? உன் மெஷின நிறுத்திட்டு மைக்க மட்டும் போடு. இன்னொரு வாட்டி பேசறேன்."

"வாயசைவு சேராதுக்கா. அதே வேகத்துல வரணும்."

"வரும். ஏங்க, எழுந்துக்காதீங்க. உங்களப் பாத்தாதான் எனக்கு வரும்."

கேமரா இல்லாமல், தெருவே அடங்கியிருக்க, முழுசாக இன்னொரு முறை வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து லேப்டாப்போடு வந்தான். இரண்டாம் முறை பேசியதை அப்படியே படத்தின் மேல் வைத்தானாம், ஒரு எழுத்துகூட விலகவில்லையாம். "மூச்சு விட்ட இடம்கூட ஒண்ணுதான் மாமா. எப்படி?" என்றான். இருபத்திரண்டு வருஷ ஒத்திகை என்று அவனிடம் சொல்லவில்லை.

என் மனைவி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். தன் குரல்தான் என்று உறுதியானதும், "இன்னொரு வாட்டி போடு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ஃபேன நிறுத்துங்க, சரியா கேக்கல."

நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து மறுபடியும் திட்டு வாங்கினேன்.