கிளிப்பச்சைப் பைக்குள்ளே

ஊரில் எத்தனையோ பைத்தியங்கள் உண்டு. எக்ஸ்ரே அக்காவுக்குப் பிடித்திருந்தது பைப் பைத்தியம்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. “மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க” என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி, வீட்டில் புருஷன் பெருமூச்சு விட்டால்கூட “அசையாதீங்க” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். உள்ளே வருகிறவர்கள் செயின், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றி அவளிடம்தான் கொடுக்க வேண்டும். ஒருநாள் நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு வந்த ஒரு சீமாட்டி, கைப்பையையும் அவளிடம் நீட்டிவிட்டுப் போய் நின்றாள். தோல் என்றால் அப்படி ஒரு தோல். ஒரு தையல்கூடக் கோணவில்லை. அக்கா அதைத் தடவிக்கொண்டே நின்றதில் “இப்ப விடுங்க” என்று சொல்ல மறந்துபோனாள். சீமாட்டி மூச்சைப் பிடித்தபடியே நின்று நின்று முகம் சிவந்து, கடைசியில் தானே கையைத் தூக்கி அனுமதி கேட்டாள்.

அன்று தொடங்கியது. எந்த பிராண்ட் எந்த வருஷம் எந்தக் கொக்கி போட்டது, அசல் ஜிப் எப்படி நகரும், போலி எங்கே பல்லிளிக்கும் என்று எல்லாம் போனிலேயே பார்த்துப் பார்த்துக் கரைத்துக் குடித்துவிட்டாள். வாங்கியது மட்டும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறாள், புருஷனுக்கு ஸ்கூட்டர், மகளுக்கு லேப்டாப், மாமியாருக்கு முழங்கால் பட்டை. எல்லாம் தேவைக்கு, எல்லாம் யாருக்கோ. தனக்கென்று, ஒரு உபயோகமும் இல்லாமல், வெறும் ஆசைக்காக ஒரு பொருளை அவள் வாங்கியதே கிடையாது.

அதற்காகக் கடைக்குப் போகாமல் இருக்க முடியுமா? சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் அண்ணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அண்ணி என்றால் அண்ணன் பெண்டாட்டி, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பழைய டிசைனர் சாமான்களையும் இந்த வருஷத்துப் புதுசுகளையும் சேர்த்து விற்கிற கடை அது. வாசலில் பட்டு ஸ்கார்ஃபுகள், உள்ளே கண்ணாடி அலமாரிகளில் கூலிங் கிளாஸ், பெல்ட், வாட்ச், பின்சுவர் முழுக்கக் கைப்பைகள். பைகள் தொங்கிப்போகாமல் இருக்க வயிறு நிறையக் கசங்கல் காகிதம் திணித்து வைத்திருப்பார்கள். கடைக்காரம்மா மாலை சாத்திய சாமி மாதிரி நடுவில் உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் பில் போடுவார், ஆகவே எல்லோருக்கும் அவர் பில் சார்.

அந்தக் கடையில் எதையும் எடுத்து வைக்கச் சொல்ல முடியாது. முன்பணமும் வாங்க மாட்டார்கள். கவுண்ட்டருக்கு யார் முதலில் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கு. அதனால் வாடிக்கையாளர்களுக்குள் ஒரு திருட்டு வழக்கம் வளர்ந்திருந்தது: மனசுக்குப் பிடித்ததைச் சம்பளம் வரும்வரை கடைக்குள்ளேயே ஒளித்து வைப்பது. பூட்ஸுக்குள் கூலிங் கிளாஸ் இருக்கும், தொப்பிக்கு அடியில் ஸ்கார்ஃப் இருக்கும். எல்லோரும் செய்வார்கள், கேட்டால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் கருஞ்சிவப்புப் பை வந்து சேர்ந்தது. அக்கா பிறப்பதற்கு முன்னால் செய்த பை. இரண்டு உள்ளங்கை அகலம்தான். பித்தளைக் கொக்கியை மூடினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அக்கா திறந்து மூடினாள், மறுபடி திறந்து மூடினாள். உடம்பு சிலிர்த்தது.

“அண்ணி, எனக்கு இது வேணும்.”

“சம்பளம் அடுத்த வாரம்தானே? அதுவரைக்கும் இது இருக்குமா?” என்றாள் அண்ணி.

அக்கா கடையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள். மேல் தட்டில் ஒரு புத்தம்புது டிசைனர் பை இருந்தது. கிளிப்பச்சை நிறம். கைக்குழந்தையைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவு பெரிசு. வந்த நாளாய் அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அண்ணி மறைத்துக்கொண்டு நிற்க, காகிதத்தை விலக்கி, சின்னப் பையை அடியில் போட்டு, மேலே காகிதத்தை அமுக்கிவிட்டு, இருவரும் வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை சம்பளத்தோடு படியேறியபோது அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேல் தட்டைப் பார்த்தாள். காலி.

“அங்க பாரு!” என்று அண்ணி கண்ணாடிச் சுவருக்கு வெளியே கையைக் காட்டினாள். நெட்டையான ஒரு பெண்மணி, கிளிப்பச்சைப் பையை டாக்ஸிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஓடிப்போய்க் காரில் ஏறினார்கள். டிரைவிங் ஸ்கூல் கார். தலையில் பலகை, முன்னாலும் பின்னாலும் எல் போர்டு. டாக்ஸியின் பின்கண்ணாடியில் அந்தப் பச்சை தூரத்திலிருந்தே கண்ணைப் பறித்தது. ஆகவே வழி தவற வாய்ப்பில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

“சீட் பெல்ட் போடு,” என்றாள் அண்ணி.

“அண்ணி, வண்டி போகுது!”

“கண்ணாடியைச் சரிபண்ணாம நான் வண்டி எடுக்க மாட்டேன். மேல ஸ்கூல் பேரு எழுதியிருக்கு, பார்த்தேல்ல? என் ஸ்டூடண்ட் யாராவது பார்த்தா மானம் போயிடும்.”

அப்புறம் நடந்ததைத் துரத்தல் என்று சொன்னால் அந்த வார்த்தையே கோபித்துக்கொள்ளும். ரோட்டைக் கடக்கிற வெள்ளைக் கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு தாத்தா நின்றார், அண்ணி வண்டியை நிறுத்தினாள். தாத்தா யோசித்தார், திரும்பிப் போனார், மறுபடி வந்தார். அண்ணி பொறுமையாகச் சிரித்தாள். மஞ்சள் விளக்கு விழுந்தது, அதற்கும் நின்றாள். முந்துவதற்கு இடம் கிடைத்தபோது இண்டிகேட்டர் போட்டுக் கண்ணாடி பார்த்துத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதற்குள் இடம் போய்விட்டது. பக்கத்தில் சைக்கிளில் வந்தவன் அவர்களை முந்திக்கொண்டே, “பயப்படாம ஓட்டுங்கக்கா, பழகிடும்!” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனான். அண்ணிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அழவேண்டிய அக்கா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அண்ணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் வேகம் கூடவில்லை.

நல்லவேளை, டாக்ஸி ஒரு காபிக் கடை வாசலில் நின்றது. இவர்கள் இடம் பார்த்து ஒழுங்காக பார்க் செய்துவிட்டு உள்ளே போனபோது, நெட்டையம்மா பச்சைப் பையிலிருந்து காகிதத்தை உருவி உருவி மேஜையில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் காகிதத்தோடு கருஞ்சிவப்புப் பை வந்து விழுந்தது. அவள் அதை எடுத்தாள். திறந்து மூடினாள். டக். அவள் முகம் மலர்ந்தது.

“அட! இது யாரோடது?” என்று நெட்டையம்மா சுற்றிலும் பார்த்தாள்.

“உன்னோடதுன்னு சொல்லு,” என்று அண்ணி காதுக்குள் ஊதினாள். “கடையில பார்க்கும்போது தவறி உள்ள விழுந்துடுச்சுன்னு சொல்லுடி.”

அக்கா வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை போதும், பை கையில். ஆனால் அது எடுத்த பையாகத்தான் இருக்கும், வாங்கிய பையாகாது. வாங்க வேண்டும் என்றுதானே இத்தனை வருஷத்து ஆசை. தவிரவும், பொய் சொன்னால் அவளுக்கு விக்கல் வரும்.

“என்னோடது இல்லைங்க. கடையோடது. நான்தான் ஒளிச்சு வெச்சேன். சம்பளம் வர்ற வரைக்கும் வேற யாரும் வாங்கிடக் கூடாதுன்னு. இந்தப் பச்சையை யாரும் வாங்க மாட்டாங்கன்னு நினைச்சு...” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நெட்டையம்மா ஒரு கணம் முறைத்தாள். பிறகு மேஜையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “அந்தக் கடையில கடைசி பூட்ஸுக்குள்ள ஒரு கூலிங் கிளாஸ் இருக்கே, பார்த்திருக்கீங்களா? அது நான் வெச்சது!”

மூவருமாக எல் போர்டு காரில் கடைக்குத் திரும்பினார்கள். அங்கே வேறொரு கூத்து. பை காணாமல் போன நாளிலிருந்து கடைக்காரம்மா புருஷனோடு பேசுவதில்லையாம். அவர் அதைத் தன் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்பது அவள் கட்சி. நெட்டையம்மா கருஞ்சிவப்புப் பையைக் கவுண்ட்டரில் வைத்ததும் பில் சார் துள்ளி எழுந்தார்.

“பார்த்தியா? பார்த்தியா? நான் எடுக்கல! என் தங்கச்சியும் எடுக்கல!”

“அப்ப பச்சைப் பையை உள்ள பார்க்காம வித்தது யாரு?” என்று கடைக்காரம்மா உடனே வேறு கேஸ் எடுத்தாள். ஆனால் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, இதை யாரு வாங்கறீங்க? முதல்ல கவுண்ட்டருக்குக் கொண்டுவந்தது இவங்கதான்.”

கடையின் சட்டப்படி பை நெட்டையம்மாவுக்கு. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெட்டையம்மா கொக்கியை இன்னொரு தடவை மூடிப் பார்த்தாள். ஆசை கண்ணிலேயே தெரிந்தது. பிறகு பையை அக்கா பக்கம் தள்ளினாள்.

“எனக்கும் ஆசைதான். ஆனா அந்த வேகத்துல ஒருத்தி என் பின்னாலேயே வந்திருக்கான்னா, நான் இதை எடுத்தா பாவம் பிடிச்சுக்கும். எடுத்துக்கோங்க.”

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நெட்டையம்மாவைக் கட்டிக்கொண்டாள், அண்ணியைக் கட்டிக்கொண்டாள், பில் சாரையும் கட்டிக்கொள்ளப் போனவள் கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றுகொண்டாள்.

பில் சார் பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். “கிஃப்ட்டாம்மா? யாருக்கு?”

இந்தக் கேள்விக்கு அவள் எத்தனை கடைகளில் பதில் சொல்லியிருக்கிறாள். மகளுக்கு, அண்ணனுக்கு, டாக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு.

“ஆமா, கிஃப்ட்தான்,” என்றாள் அக்கா. “எனக்கு. பெரிய ரிப்பனாப் போட்டுக் கட்டுங்க சார்.”