என்னை இன்னாரென்று சொல்ல ஓர் ஆள்

என் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு, கரைவலையை இழுப்பதுபோல என்னைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனவர் என் கூடப்பிறந்த அண்ணன் சூசை. ராயபுரத்தில், கோயிலுக்குப் பின்னால், கருவாடு காயும் சந்து. பட்டப்பகல். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்பு. என் முழங்கால் மணலில் கோடு கிழித்துக்கொண்டே வந்தது.

"போவியாடி? கப்பலேறிப் போவியாடி?"

"போவேன்."

அதற்கொரு அடி. மறுபடி கேள்வி. மறுபடி "போவேன்." மறுபடி அடி.

சகோதர சகோதரிகளே, ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வந்தவள் அடியிலிருந்து ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதீர்கள். அடியிலிருந்துதான் அது ஆரம்பித்தது.

அறுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் சவரிமுத்து பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலையில் இருந்தார். நானும் அங்கேதான் குடியிருந்தேன். எங்கள் மகள் ரோசி அங்கேதான் பிறந்தாள். எனக்கு அங்கே நிரந்தர வாசம் கொடுத்திருந்தார்கள். அம்மா ராயபுரத்தில் படுக்கையில் விழுந்துவிட்டாள் என்று தந்தி வந்ததும், ரோசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். கிளம்பும்போது, திரும்பி வருவதற்கென்று பாஸ்போர்ட்டில் ஓர் அனுமதி குத்திக் கொடுப்பார்கள். அதற்கு ஒரு கெடு. கெடுவுக்குள் அந்த மண்ணில் கால் வைக்காவிட்டால் நிரந்தர வாசம் போயிற்று. புது ஆளைப் போல முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அந்த வருஷமோ அங்கே கலவரம் நடந்து, ஊரடங்கு போட்டு, சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்தன. இனிமேல் புது ஆட்களுக்குக் கதவே திறக்காது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். என் வீட்டுக்காரராலும் இங்கே வர முடியாது. அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வருமுன் ஊரை விட்டு வெளியேறினால் அவர் பிழைப்பும் போகும்.

அம்மா மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு "போவாதடி" என்பாள். எப்படிப் போவேன்? அவளை அடக்கம் செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது கெடு என் கழுத்தில் நின்றது. கெடுவை நீட்டித் தரச் சொல்லி, பட்டணத்தில் இருந்த அந்த நாட்டு அலுவலகத்தில் மனுப் போட்டேன். போனால் "அப்புறம் வா" என்பார்கள். வெயிலில் நிற்பேன். குழந்தை என் தோளில் வாந்தி எடுக்கும். "அப்புறம் வா."

அண்ணனுக்கு வேறொரு கணக்கு. எங்கள் அப்பா ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவர். யுத்தத்தில் குண்டு விழுந்தது. அப்பா வரவேயில்லை. இப்போது பினாங்கு. டீக்கடையில் யாரோ பேப்பரை உரக்கப் படிக்க, அண்ணன் நேரே வீட்டுக்கு வந்தார். "அங்க வெட்டிக்கினு சாவுறானுங்களாம்டி! ரோட்டுல பொணமா கீதாம்! நைனாவ முழுங்கினது பத்தாதா கப்பலு?" பயம் வந்தால் சிலருக்குக் கண்ணீர் வரும். அண்ணனுக்குக் கை நீளும். அன்றைக்குத்தான் அந்தச் சந்து, அந்த மணல், என் முடி.

சந்தின் முனையில் என்னை விட்டுவிட்டுப் போனார். அவர் விரல்களில் என் முடி கொத்தாக ஒட்டியிருந்தது. விழுந்த இடத்திலிருந்தே கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கத்தினேன். "மாதாவே, இதப் பிடிச்சித்தான இழுக்கிறான்? இது எனக்கு வேணாம். உன் மகன்கிட்டச் சொல்லி அந்த முத்திரைய விழ வை. இந்த முடி மொத்தமும் உனக்கு."

முத்திரை விழுந்தது. கொஞ்ச நாள்தான் நீட்டித்திருந்தார்கள். அதற்குள் பினாங்கு போகும் கப்பல் ஒன்றே ஒன்றுதான். அதை விட்டால் எல்லாம் போனது.

அந்தச் சமயத்தில் கடலே பற்றி எரிந்தது. விசைப்படகுகள் கரையோரமாக வந்து கட்டுமரக்காரர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டு போயின. அந்த வாரமே ஒரு நாள் எங்கள் ஆட்கள் கட்டுமரங்களைச் சேர்த்துக்கொண்டு போய் ஒரு படகை மறித்தார்கள். துடுப்பால் அடித்தார்கள். அரிவாளால் வெட்டினார்கள். படகுக்குத் தீ வைத்தார்கள். கரையில் நின்று பார்த்தேன். கறுப்புப் புகை, அதற்குள் அலறல், அலைமேல் எண்ணெய் எரிகிறது, ஒரு மனிதன் தோளைப் பொத்திக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறான். அந்தத் தோளை வெட்டியவர் என் அண்ணன் என்று பிற்பாடு தெரிந்தது.

எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் தலைமறைவானார்கள். அண்ணன் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் போய் ஒளிந்தார். தேடி வந்த போலீசார் கதவை உடைத்து, அடுப்பை உதைத்து, சோற்றுப் பானையைத் தெருவில் எறிந்தார்கள். எண்ணூரிலிருந்து வந்த மீன்காரம்மா அண்ணன் சொல்லியனுப்பியதை அப்படியே சொன்னாள்: "'கப்பல்ல கால வெச்சா, கால் இருக்காது'ன்னு சொல்லச் சொல்லிச்சும்மா. நான் சொல்லிட்டேன். என்னியத் திட்டாத."

பயண நாள் வந்தது. எங்கள் கடற்கரை ஜனங்களுக்கு ஒரு கட்டு உண்டு. நேர்ந்ததைச் செலுத்தாமல் உப்புத் தண்ணீரைத் தாண்டக் கூடாது. பாக்கியோடு போகிறவனைக் கடல் நிறுத்திக் கேட்கும் என்பார்கள். எனவே அன்று காலையிலேயே கோயில் மதிலோரம் உட்கார்ந்தேன். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தார்.

"இன்னா பிலோமினா, புருசன பாக்கப் போற பொம்பள இப்பிடியா போவ? மாப்ள பயந்து கடல்ல குதிச்சிடப் போறாரு."

"நீ செரய்யா. அவரு என் மூஞ்சியப் பாப்பாரு."

"மூஞ்சி மட்டும் இன்னா வாழுது? பூசணிக்கா மாரி வீங்கிக்கினு கீது."

முடி மடியில் விழுந்தது. தலை கடற்காற்றில் எரிந்தது. ரோசி என்னைப் பார்த்து வீறிட்டாள். தூக்கப் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலறினாள். பெட்டியோடு அவளையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். வழியனுப்ப ஒரு முகம் இல்லை. ஆண்கள் ஒளிந்திருந்தார்கள். பெண்கள் போலீசுக்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்தார்கள்.

பயணிகள் கொட்டகையில் மேஜைக்குப் பின்னால் அதிகாரி. என் பாஸ்போர்ட்டை விரித்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படத்தில் எண்ணெய் வைத்து வாரிய கூந்தலோடு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே மொட்டைத் தலை, வீங்கிய கன்னம், கிழிந்த உதடு.

"இது நீ இல்லையே."

"நான்தான் சார். மாதாவுக்கு முடி குடுத்துட்டேன். நேர்ச்சை."

"கப்பல் ஏறுகிற காலையிலா? போன கப்பலிலும் இப்படித்தான் ஒருத்தி பாஸ்போர்ட்டில் இன்னொருத்தி ஏறப் பார்த்தாள். உன்னைத் தெரிந்தவர் யாராவது வந்திருக்கிறார்களா?"

"எங்க கோயில் சாமியாரக் கேளுங்க சார்."

"போய்க் கூட்டிக்கொண்டு வா. அதுவரைக்கும் கப்பல் நிற்குமா?"

குனிந்து ரோசியிடம் மெதுவாகக் கேட்டார். "பாப்பா, இது யாரு?"

என் குழந்தை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். "எங்கம்மாக்கு முடி கீது," என்றாள்.

கான்ஸ்டபிள் என் தோளைப் பற்றினார். ஆள்மாறாட்டம் என்றார்கள். குழந்தையைத் திருடிக்கொண்டு போகிறாளோ என்றார்கள். கப்பல் ஊதியது. கண்ணை மூடினேன். மாதாவே, உனக்குக் கொடுத்ததுதானே என்னைக் கவிழ்த்தது. திருப்பிக் கேட்கவில்லை. என்னை இன்னாரென்று சொல்ல ஓர் ஆளை அனுப்பு. ஒரே ஓர் ஆள். யாராக இருந்தாலும் சரி, அந்தப் பாவி மட்டும் வரக் கூடாது.

"உட்றா அவள! கைய எட்றா!"

கடல் பக்கத்துக் கதவில் அண்ணன் நின்றார். கட்டுமரத்தில் வந்து, கப்பல்துறைக் கல்லில் தொற்றி ஏறியிருக்கிறார். உடம்பெல்லாம் தண்ணீர். கையில் மீன் கத்தி. என்னை இழுத்துப் போக வந்தவர், வேறொருவன் கை என் தோளில் இருப்பதைப் பார்த்துவிட்டார். பாய்ந்தார். மேஜை கவிழ்ந்தது. ஒரு கான்ஸ்டபிள் சுவரில் மோதி விழுந்தார். லத்திகள் இறங்கின. மண்டை பிளந்த சத்தம் கேட்டது. கத்தி எங்கோ தெறித்தது. அண்ணனைக் குப்புறத் தள்ளி, கழுத்தில் பூட்ஸ் காலை வைத்து அழுத்தினார்கள். தரையில் ரத்தமும் கடல் தண்ணீரும் கலந்து என் பாதம்வரை வந்தது.

அதிகாரி மூச்சு வாங்கினார். "யார்டா நீ? இந்தப் பொம்பளை யாரு? தெரியாதென்றால் சொல், இவளையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறேன்."

'தெரியாது' என்ற ஒரே சொல் போதும், கப்பல் நான் இல்லாமல் போய்விடும். அண்ணன் வேண்டியதும் அதுதானே! தான் யாரென்று சொல்லாதவரை அவரும் ஏதோ ஒரு குடிகார ரவுடிதான். சொன்னால், படகு எரித்த வழக்கு.

அண்ணன் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் பிய்த்தெடுத்த இடம் என் மொட்டைத் தலையில் சிவந்து புண்ணாக இருந்தது. அதையே பார்த்தார்.

"இன்னாடி இது? முடி எங்கடி?"

"மாதாவுக்குக் குடுத்துட்டேண்ணே."

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு பேசிய குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"என் தங்கச்சி சார். பிலோமினா. எனக்கப்புறம் எங்கம்மா வயித்துல பொறந்தது. மூஞ்சி வீங்கிக்கினு கீதே, அது நான் அடிச்சது. அவ ஆளு மாறல சார். நான்தான் மாத்திட்டேன்."

"உன் பேர்?"

அண்ணன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார்.

"சூசை. நைனா பேரு மரியான். ராயபுரம்."

கான்ஸ்டபிள் துள்ளினார். "சார்! படகு கொளுத்துன கேஸு! தேடிக்கினு கீற ஆளு சார்!"

"ஆமாய்யா, நான்தான். எய்திக்கோ. மொதல்ல அவள ஏத்தி வுடு."

அதற்குள் ரோசி பெட்டியை விட்டு ஓடிவந்து, "மாமா, ரத்தம்," என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் தரையில் கிடந்தபடியே அவளிடம் சொன்னார்: "அது ஒங்கம்மாதான்டி கண்ணு. போ. முடி மொளைக்கும்."

குழந்தை வந்தாள். என் காலைக் கட்டிக்கொண்டாள். அதிகாரி கவிழ்ந்த மேஜையை நிமிர்த்தி, தாள் எடுத்து, அண்ணன் சொன்னதை எழுதி, கைநாட்டு வாங்கினார். மைப்பெட்டியைத் தேட வேண்டியிருக்கவில்லை, அண்ணன் விரலிலேயே ரத்தம் இருந்தது. ஈரம் காயுமுன் என் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது.

ஏணியை எடுக்கும் நேரத்தில் ஏறினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். கயிறு கட்டி அண்ணனை நடத்திக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி நின்று கத்தினார். "ஏய் மொட்ட! போய்ச் சேந்ததும் தந்தி குடு! குடுக்கல, நீஞ்சி வந்து ஒதைப்பேன்!" தளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

வழியெல்லாம் புயல். கப்பல் குடிகாரன் கையில் அகப்பட்டதுபோல உதைபட்டது. பெட்டிகள் உருண்டு கால்களை நொறுக்கின. எனக்குப் பயமில்லை. பினாங்கில் இறங்கியபோதும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அங்கே சொல்ல என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். என் நிரந்தர வாசம் நிலைத்தது. அவருடைய அனுமதியும் புதுப்பித்து வந்தது. பின்னால் என் நிரந்தர வாசப் பத்திரத்தையும் எந்தத் தடையுமில்லாமல் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

அண்ணன் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அவர் வெட்டிய ஆள் பிழைத்துக்கொண்டார். அதற்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். வெளியே வந்ததும் அண்ணன் முதலில் போனது அந்த ஆளின் வீட்டு வாசலுக்குத்தான் என்று கேள்விப்பட்டேன். இப்போதும் அவர் பேசினால் தெருமுனைவரை கேட்கும். ஆனால் யார் மேலும் கை நீட்டுவதில்லை.

எனக்கும் நடுவயதாகிவிட்டது. இதை வாசிக்கிற உங்களில் யாராவது இந்த நேரத்தில் ஏதோ ஓர் அலுவலகத்துப் படியில், கெடு முடியப்போகிற பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் புருஷனும் இந்தப் பக்கம் நீங்களுமாக உட்கார்ந்திருக்கலாம். செபியுங்கள். சத்தமாகவே செபியுங்கள், கோபத்தோடுகூடச் செபியுங்கள். ஆண்டவர் கோபத்துக்குப் பயந்தவரல்ல. ஆனால் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று மட்டும் அவருக்கு உத்தரவு போடாதீர்கள். நான் போட்டேன். என் மன்றாட்டில் அந்தப் பாதியை அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. அதனால்தான் இன்று நான் என் புருஷன் வீட்டில் அடுப்பு மூட்டுகிறேன்.