குறையில்லாத ஜனாதிபதி

இந்த நாட்டில் பிரதமரைக்கூட ட்ராமில் ஏதோ ஒன்றுவிட்ட தம்பிபோலப் பெயர் சொல்லித்தான் கதைக்கிறார்கள். மெல்பேணுக்கு வந்த புதிதில் அதைக் கேட்டு எனக்குக் கூசும். அது பழகுவதற்குள் கிளேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், அமெரிக்கப் பெரியோரின் சுருக்க வரலாறு படிப்பிக்கச் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் வீடுதான்.

எனக்கென்ன பயம்? யாழ்ப்பாணத்தில் இதையெல்லாம் கரைத்துக் குடித்தவள். அங்கே பெரியோர் வரலாறு என்றால் பிறப்பு, இளமை, தொண்டு, மறைவு. கடைசியில் நாமும் அவர்போல் வாழ்வோமாக. குறை சொல்வது மரியாதைக் கேடு. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியை, தகப்பனின் மரத்தை வெட்டிவிட்டுப் பொய் சொல்ல மறுத்த சிறுவனாகக் குரல் தழுதழுக்க அறிமுகப்படுத்தினேன். முன்வரிசைப் பெண் கொட்டாவி விட்டாள். "அது பிறகு யாரோ கட்டிவிட்ட கதை, மிஸ்."

பாடம் முடிந்ததும் தலைமை ஆசிரியர், "நல்ல பிரசங்கம். முன்பு தேவாலயத்தில் வேலை செய்தீர்களா?" என்றார். பாராட்டு என்றெண்ணி நன்றி சொன்னேன். வாசலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் அவர் அறைக் கதவைத் தட்டினேன்.

அன்று குசினியில் அடுப்படியில் நின்றபடி என் கணவர், "விடும். வேற வேலை பாப்பம்" என்றார்.

"ஏலாது. வியாழக்கிழமைக்கு இன்னொரு பாடம் கேட்டு வாங்கிப்போட்டுத்தான் வந்தனான்."

ஊரில் இதை வாசிக்கும் ஆசிரியைகளே, சிரிக்காதீர்கள். நூலகத்தில் இருந்து அந்த முதல் ஜனாதிபதியின் குறையைத் தேடித் தேடி வாசித்தேன். விடுதலைக்குப் போராடிய அதே மனிதர் தோட்டத்தில் அடிமைகளை வைத்திருந்தார். மரண சாசனத்தில்தான் அவர்களுக்கு விடுதலை எழுதினார். அதை வகுப்பில் சொன்னபோது, பெற்றவர்களைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

"அப்போ அவர் பெரிய மனிதரா, இல்லையா?" கொட்டாவி விட்ட பெண் நிமிர்ந்து இருந்தாள்.

"அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்."

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. மணி அடித்தும் ஓயவில்லை. தலைமை ஆசிரியர் சத்தத்துக்கு மேலால், "அடுத்த பள்ளித் தவணையும் வாருங்கள். இனி எப்போதும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெண் மட்டும் போகவில்லை. "மிஸ், இப்போ உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சொல்லுங்கள். இப்படியே, ஒளிக்காமல்."

எங்கள் பெரியவர்களும் மனிதர்கள்தான் என்று எனக்குத் தெரியாதா? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஊரில் பெரியவர் முன்னால் நிற்பதுபோல், என் கைகள் தாமாகவே நெஞ்சுக்கு நேரே கட்டிக்கொண்டன.