தறி இல்லை எனத் தெரியவருகிறது

எங்கள் தாலுகா அலுவலகத்தில் சம்பளத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் காவலாளி. இன்னொருவன் நான். காவலாளியும் பிறகு ஒரு கறவை மாடு வாங்கிவிட்டார்.

மற்ற எல்லோருக்கும் பக்க வரும்படி இருந்தது. ஒருவர் மனைவி பெயரில் இன்சூரன்ஸ் பிடித்தார். தலைமை எழுத்தர் மெட்ராஸ் உறவினர்களுக்குத் தவணையில் பட்டுப்புடவை விற்றார். நடத்தை விதிகளின்படி இதற்கெல்லாம் முன் அனுமதி பெற வேண்டும். அனுமதிக் கோப்பு என் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு தாள்கூட இல்லை.

“தறி ஒண்ணு போட்டுடுப்பா,” என்றார் தலைமை எழுத்தர். “காஞ்சிபுரத்துல இருந்துக்கினு தறி இல்லாதவன் நீ ஒருத்தன்தான். உக்காந்துக்கினே சாப்பிடலாம்.”

நெசவுத் தெருக்களில் உட்காருவது என்றால் நெய்வது. “எங்க உக்காந்துக்கினு இருக்கே?” என்று கேட்டால் எந்தத் தறியில் வேலை செய்கிறாய் என்று பொருள். ஆக, உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டார். சாப்பிடுவதற்கு நான் இருந்தேன்.

ஆள் கிடைத்தார். தென்னேரிப் பக்கம் வயல் கூலி செய்த குடும்பத்தில் பிறந்து, நெசவு கற்றுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். மனைவிக்கும் வேலை தெரியும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் தறிக்குழி இருந்தது, தறி இல்லை. என் மனைவியின் இரண்டு வளையல்களை விற்றுப் பழைய தறி ஒன்றை வாங்கி அந்தக் குழியில் பொருத்தினேன். தறி உடையவர்தான் நெசவாளர் கூட்டுறவு சொசைட்டியில் உறுப்பினராகலாம். உறுப்பினருக்குத்தான் நெய்யப் பாவு நூலும் கூலியும் வரும். நெசவாளர் பெயரிலேயே போட்டிருக்கலாம். போட்டால் தறி அவருடையதாகிவிடும். என் மனைவி பெயரில் போட்டேன்.

அதிலும் ஒரு சிக்கல். இன்னாரின் மனைவி என்றால் பதிவேட்டில் என் பெயர் ஏறும். விண்ணப்பத்தில் ‘தந்தை அல்லது கணவர் பெயர்’ என்று இருந்தது. காலமான என் மாமனாரின் பெயரை எழுதி, நெசவாளரின் வீட்டு முகவரியையே கொடுத்தேன். அந்த ‘அல்லது’வைப் போட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கூலி வந்தால் என் மனைவி கையெழுத்துப் போடுவாள். ஒரு பங்கு எங்களுக்கு, மீதி அவருக்கு. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. நாங்கள் ஒரு ரேடியோ வாங்கினோம்.

மூன்றாவது வருடம் ஐப்பசியில் மழை விடவில்லை. தறிக்குழியில் ஈரம் ஊறுவது எல்லா வருடமும் உள்ளதுதான். அந்த முறை குழி நிரம்பி, தண்ணீர் தரைக்கு மேலே ஏறிவிட்டது. தறியில் பூட்டியிருந்த பாவு முழுவதும் சேற்றில் ஊறிப் பாழானது. சேதமான தறிகளைப் பட்டியல் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பட்டியலில் ஏறிய தறிக்கு உதவித்தொகை, சொசைட்டியிலிருந்து புதுப் பாவு. ஏறாத தறிக்கு இரண்டும் கிடையாது. பாவு இல்லாத நெசவாளருக்குச் சோறு இல்லை.

நெசவாளர் அன்று மாலையே வீட்டுக்கு வந்தார்.

“சார், லிஸ்ட்டு உங்க ஆபீஸ்லதான் எழுதறாங்களாமே?”

“என் மேஜைக்குத்தான் வரும்.”

“அப்பாடா,” என்று தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப எனக்கு இன்னா கவலை?”

நான்கு நாள் கழித்து, வீடு வீடாகப் போய் வந்த வருவாய் ஆய்வாளர் பட்டியலை என் முன்னால் போட்டுவிட்டுச் சிரித்தார்.

“இன்னா சார் கூத்து இது? இந்தப் பேர்ல அந்த வூட்ல பொம்பளையே இல்ல. ஒரு ஆளு நிக்கறான். யார் தறிடான்னா, என் தறின்றான்.”

நெசவாளர் பொய் சொல்லவில்லை. அந்தத் தெருவில் உட்காருபவன்தான் தறிக்கு ஆள். யார் தறி என்று கேட்டால் அவன் தன்னைத்தான் சொல்வான்.

“அப்ப இந்த அம்மா யாருடான்னேன். முழிக்கறான். பொண்டாட்டி முந்திக்கினு வந்து, ‘அது என் நாத்தனாருங்க, ஊருக்குப் போயிருக்குது’ன்றா. எந்த ஊருன்னா அவன் தென்னேரின்றான், இவ திருமுக்கூடல்ன்றா. ஒரே நேரத்துல!”

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் இருவரும் என் பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும் புரிந்தது.

“போலித் தறி கேஸு சார். இன்னா எழுதட்டும்?”

அந்தப் பெண்மணி என் மனைவி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் குற்றக் குறிப்பாணை, பதினைந்து நாளில் விளக்கம், அது திருப்தியில்லை என்று விசாரணை, அதுவரை தற்காலிகப் பணிநீக்கம். ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். ஒன்றும் தெரியாதவன் சொல்லியிருப்பான்.

‘உரிமையாளர் வீட்டில் இல்லை’ என்று எழுதினால் மறு விசாரணை வரும். மறு விசாரணையில் என் மாமனாருக்கு மாப்பிள்ளை யார் என்று யாராவது கேட்பார்கள். ஆகவே பேனாவை எடுத்து நானே எழுதினேன்: ‘விசாரணையில் மேற்படி முகவரியில் தறி இல்லை எனத் தெரியவருகிறது.’ இல்லாததை யாரும் இரண்டாம் முறை போய்ப் பார்ப்பதில்லை.

நகல் சொசைட்டிக்குப் போயிற்று. அவர்கள் உறுப்பினர் பெயரை அடித்துவிட்டார்கள்.

இந்த முறை கணவன் மனைவி இருவரும் வந்தார்கள்.

“தறி இருக்குது சார். குழில தண்ணி இருக்குது. அதுல நான் நின்னுக்கினு இருந்தேன். எப்டி சார் இல்லன்னு எழுதுவாங்க?”

“கண்ணு அவிஞ்சவனா இருப்பான்,” என்றாள் அவர் மனைவி. “எழுதின கை வெளங்குமா?”

என் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். நான், மேலிடத்துக்கு மனுப் போடலாம் என்றேன்.

“நீங்களே எழுதிக் குடுங்க சார். உங்க எழுத்துன்னா எடுபடும்.”

எழுதினேன். மூன்றே பத்தி. வாழ்நாளில் அவ்வளவு நல்ல மனுவை நான் எழுதியதில்லை. அது வேறு யாராவது ஒருவரிடம் போகும், அவர் நேரில் போய்த் தறியைப் பார்ப்பார் என்ற நம்பிக்கையில்தான் எழுதியதாகப் பல வருடம் எனக்கே சொல்லிவந்தேன். எங்கே போகும் என்று எழுதும்போதே தெரியும். மாவட்டத்துக்குப் போய், ‘அறிக்கை தேவை’ என்ற முத்திரையோடு இறங்கி, நாற்பதாம் நாள் என் மேஜைக்கு வந்தது.

அறிக்கை எழுதினேன்: ‘ஏற்கெனவே விசாரித்து முடிவு செய்யப்பட்ட பொருள். மேல் நடவடிக்கை தேவையில்லை.’ மனுவும் அறிக்கையும் ஒரே கோப்பில், ஒரே கையால் எழுதப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மூன்று அதிகாரிகள் அதில் சுருக்கொப்பமிட்டார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பதில் கடிதத்தையும் நான்தான் எழுதி அனுப்பினேன். அதை எடுத்துக்கொண்டு நெசவாளர் அலுவலகத்தில் என்னிடமே வந்தார். அலுவலகத் தமிழ் அவருக்குப் புரியாது. நான் படித்துக் காட்டினேன். இதற்குள் அவர் கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. மனைவி பாலாற்றுப் பக்கம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

“இதுக்கு மேல மனுப் போட எடம் இருக்குதா சார்?”

“இருக்கிறது. மெட்ராஸுக்குப் போடலாம்.”

“அங்க போட்டா அவங்களே வந்து பாப்பாங்களா?”

“இல்லை. விசாரிக்கச் சொல்லிக் கீழே அனுப்புவார்கள்.”

“கீழன்னா?”

நான் கடிதத்தை மறுபடி மடிக்கத் தொடங்கினேன். அவர் என் கையில் இருந்த கடிதத்தை வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் திருப்பித் திருப்பி எழுத்தைப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர்கள் எழுத்தைக் கோலம் பார்ப்பது போல் பார்ப்பார்கள். வளைவு, சுழி, சாய்வு எல்லாம் அவர்கள் கண்ணில் படும்.

“வேணாம் சார்,” என்றார். “நானும் சூளைக்கே போறேன்.”

கடிதத்தை அவர் எடுத்துப் போகவில்லை. மேஜைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.