அத்தைக்குச் சேர்த்த விசா காகிதங்கள்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே சில வருஷங்கள் ஓடிவிட்டன. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தி. நகரில் ஒரு புடவைக் கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மடித்து அடுக்குவது என் வேலை. எழுத்துப் பழக்கம் இல்லை என்பது மட்டும் தயக்கத்துக்குக் காரணம் இல்லை. முருகனைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்று பயந்தேன். என் மனைவிதான், "குறை சொல்லாம நடந்தத மட்டும் எழுதுங்க. அவரு கேட்டுக்குவாரு" என்றாள்.

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக மகள் பிறந்ததும் அவளை வடபழனி முருகன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் சந்நிதி முன்னால் கிடத்தினோம். இது உன் பிள்ளை, நாங்கள் வளர்க்கிறவர்கள்தான் என்று சொல்லி, ஒரு படி தவிட்டை வைத்துவிட்டுக் குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். பிள்ளை தங்காத வீடுகளில் எங்கள் சனம் இப்படிச் செய்வது உண்டு. தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, பெற்றவர்களை அம்மா என்றும் அப்பா என்றும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் எமனுக்கு வீட்டைக் காட்டிக்கொடுத்த மாதிரி. "எத்தன வயசு வரைக்கும் வேண்டிக்கறீங்க?" என்று குருக்கள் கேட்டார். என் மனைவி யோசிக்கவே இல்லை. "பன்னண்டு முடியற வரைக்கும் சாமி" என்றாள்.

அப்படித்தான் நான் மாமா ஆனேன், அவள் அத்தை ஆனாள். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் இது எல்லோருக்கும் தெரியும். எதிர் வீட்டு ஆட்டோக்காரர் சீண்டாத நாள் கிடையாது. "இன்னா மாமா, உன் மருமவ ஸ்கூல் வாசல்ல நின்னுக்கினு கீது, நீ இங்க டீ குட்ச்சுக்கினு கீற?" என்பார். என் மகளும் விடமாட்டாள். "எனக்கும் மாமா, உங்களுக்கும் மாமாவா? அப்ப நீங்க எனக்கு என்ன முறை? சொல்லுங்க பாப்போம்" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்பாள். அவர் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிடுவார்.

அவள் கணக்கில் கெட்டி. பதினோரு வயதில் ஏதோ ஒரு பரீட்சை எழுதி, சிங்கப்பூரில் ஒரு பள்ளியில் விடுதியோடு இலவசமாகப் படிக்க இடம் கிடைத்தது. சந்தே கூடி வழியனுப்பியது. ஆனால் போன கொஞ்ச நாளிலேயே போனில் அழுகை. சரியாகச் சாப்பிடுவதில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். "நீ வா அத்தை. நீ வந்துடு அத்தை." வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் இளைத்துக்கொண்டே போவது வீடியோவில் தெரிந்தது.

விடுதியைப் பார்த்துக்கொண்டவர் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்மணி. அவர்தான் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். படிக்கிற சின்னப் பிள்ளையோடு பெற்ற தாய் வந்து தங்குவதற்கு விசா உண்டு. பள்ளி ஒரு கடிதம் கொடுக்கும். பக்கத்திலேயே இன்னொரு பிள்ளையின் தாயோடு அறையைப் பகிர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை என்றார்.

காகிதம் சேர்க்க ஆரம்பித்தோம். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. அதற்கு அலைந்தோம். மகளின் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் வாங்கினோம். மனைவியை அனுப்ப எனக்குச் சம்மதம் என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி வக்கீலிடம் கையெழுத்து வாங்கினோம். ஒவ்வொரு காகிதத்தையும் வீட்டில் வேல் படத்துக்கு முன்னால் வைத்து விபூதி தொட்டு வைத்துவிட்டுத்தான் கவரில் போடுவாள் என் மனைவி. ஊறுகாய், வத்தல் எல்லாம் தனியாகக் கட்டி வைத்தாகிவிட்டது.

லஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நானும் மனைவியும் விண்ணப்பத்தை டைப் அடிக்கச் சொல்லிவிட்டு நின்றபோது மகள் கூப்பிட்டாள். கை நிறையக் காகிதம் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். "மாமா, அத்தைக்கு பேப்பரெல்லாம் ரெடியா?" என்றது குரல். டைப் அடிப்பவர் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? அத்தையவா அம்மான்னு அட்ச்சிக்கினு கீறேன்? என்னையும் சேத்து உள்ள தள்ளிடப் போற."

நான் விஷயத்தைச் சொன்னேன். "அட முருகா" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எங்களில் அதிகம் சிரித்தது என் மனைவிதான்.

கடிதம் கொடுப்பதற்கு முன்னால் பள்ளியில் ஒரு வீடியோ கால் வைத்தார்கள். அந்தப் பெண்மணியும், தமிழ் தெரியாத ஒரு மேலதிகாரியும், நடுவில் என் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே நாங்கள் இரண்டு பேர். என் மனைவி பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க" என்று அந்தப் பெண்மணி ஆரம்பித்தார். "பிள்ளை போன்ல உங்கள அத்தை, அத்தைன்னுதான் கூப்பிடறா. நான் பல தடவை கேட்டிருக்கேன். சான்றிதழ்ல அம்மான்னு இருக்கு. இங்க பிள்ளைங்க பாதுகாப்பு விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. அதான் நேர்ல கேட்டுடலாம்னு." பிறகு மகளிடம் திரும்பினார். "பயப்படாம சொல்லும்மா. இவங்க உனக்கு யாரு?"

பன்னிரண்டு முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. மகள் வாயைத் திறந்தாள். அம்மா என்றுதான் சொல்ல வந்தாள். அந்த உதடுகள் ஒட்டப் போனதை நான் பார்த்தேன். அப்போது என் பக்கத்தில் என் மனைவி தலையை அசைத்தாள். வேண்டாம் என்று, லேசாக, ஒரே ஒரு தரம்.

மகள் அதைப் பார்த்துவிட்டாள். "அத்தை" என்றாள்.

மேலதிகாரியும் அந்தத் தலையசைப்பைப் பார்த்திருந்தார். நான் தவிட்டுக்கு வாங்கின கதையைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "எனக்குப் புரியுது ஐயா. எங்க பாட்டி காலத்துல கேட்டிருக்கேன். ஆனா இத நான் இவர் கிட்ட எப்படிச் சொல்லிப் புரிய வைப்பேன்?" என்றார் அந்தப் பெண்மணி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கடிதம் வரவில்லை. பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிப் பதிவு, இன்னும் வேறு ஆதாரங்கள் எல்லாம் கேட்டார்கள்.

அன்று மனைவி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளே சொன்னாள். "ரெண்டு பேர மண்ணுல வெச்சுட்டு வந்தவ நான். இவ எங்கயோ உசுரோட இருந்தா போதும்ங்க."

அதன் பிறகு மகள் போனில் அழுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுகிறாள் என்றார்கள். முருகன் கண் திறந்துவிட்டான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். நான் மீண்டும் ஆஸ்பத்திரிக்கும் நோட்டரிக்கும் அலைந்து, ஒவ்வொன்றாக ஆதாரம் சேர்த்தேன்.

பன்னிரண்டு முடிந்த அன்று வடபழனிக்குப் போய் வேண்டுதலை நிறைவு செய்தோம். அர்ச்சனை முடிந்து வெளியே வந்து, பூக்கடை ஓரமாக நின்று போன் போட்டோம்.

"கண்ணு, முடிஞ்சிருச்சுடி. இனிமே கூப்பிடலாம். கூப்பிடு."

அந்தப் பக்கம் "அ..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு ஒரு சிரிப்பு. "என்னமோ மாதிரி இருக்கு அத்தை. வாயில வரமாட்டேங்குது."

"சரி விடு, நேர்ல வரேன் இல்ல, அப்ப கூப்பிடு. பேப்பரெல்லாம் இப்ப சரியாயிடுச்சு."

"நீ எதுக்கு அத்தை இவ்வளவு தூரம்? நான் பழகிட்டேன். இங்க ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. லீவுக்கு நானே வரேனே."

என் மனைவி சரி என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வத்தலை எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அந்தக் கவர் இன்னும் வேல் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

கிருத்திகை தவறாமல் நான் கோயிலுக்குப் போகிறேன். அவன்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவன் எங்களிடம் வருஷம் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு என்பது எங்கள் பயம் சொன்ன கணக்கு. ஐந்து என்று வேண்டியிருந்தாலும் அவன் ஏற்றுக்கொண்டிருப்பான். இதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

உறவுக்காரர்கள் இதை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். வேண்டுதலை மீறாததால்தான் பிள்ளை அங்கே ஜெயித்தாள் என்று சிலர். மூடநம்பிக்கையால் கெட்டார்கள் என்று சிலர். இன்னும் சிலர் எங்கள்மேல் இரக்கப்பட்டு, கடைசியில் அவள் விமான நிலையத்தில் ஓடி வந்து அம்மா என்று கட்டிக்கொண்டதாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். லீவுக்கு வருகிறாள், கட்டிக்கொள்கிறாள், பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள்.

படிக்கிற நீங்கள் யாரிடம் சொன்னாலும், முக்கியமாகப் பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளப் போகிறவர்களிடம் சொல்லும்போது, நான் எழுதியபடியே சொல்லுங்கள். இரக்கப்பட்டுக்கூட அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துவிடாதீர்கள். என் மனைவி அதற்காக இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள்.