அச்சுக் கோத்தவர் பெயரை எடுத்துவிடுங்கள்

டைப்பிங் சென்டரில் உட்காருகிறவனுக்கு ஊரார் பெயரெல்லாம் விரல் நுனியில் இருக்கும். அவன் பெயர் மட்டும் எந்தத் தாளிலும் இருக்காது. அடுத்தவர் எழுத்தைத் தட்டித் தட்டி முதுகு வளைந்த சக தொழிலாளிகளே, உங்களுக்கு இது புரியும். எனக்கு இழைக்கப்பட்டவற்றை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கோவை மில் வாசலில் துண்டறிக்கை வாசித்ததற்காக வேலைநீக்கம். இரண்டு, நான் கட்டிய சங்கமே தன் ஆண்டு மலரில் என் பெயரை விட்டுவிட்டது. மூன்று, சவூதியில் ஜுபைல் லேபர் கேம்பில் என்னையும் சேர்த்து நாற்பது பேருக்காகக் குடிதண்ணீர் மனு எழுதினேன். விசாரணையன்று முப்பத்தொன்பது பேருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான்கு, இப்போது நான் வேலை பார்க்கும் ஷார்ஜா ரோலா கடைத்தெரு சென்டரில் சந்தானம் சாரின் புத்தகம்.

தாடிக்காரர் வருகிறார்

சந்தானம் சார் சென்னைக்காரர், துபாயில் பெரிய எஞ்சினியர். ஒரு கட்டு நோட்டுப் புத்தகங்களோடு சென்டருக்கு வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ஒருவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தையும், அதைப் பேசிய ஆங்கிலோ-சாக்ஸன் மக்களின் சரித்திரத்தையும் தோண்டியெடுத்தவராம். நோட்டில் ஒட்டியிருந்த அறிஞர் படத்தில் முகத்தைவிடப் பெரிய தாடி.

தன் பாட்டன் மொழியைக் கற்றுத்தர உள்ளூரில் ஆளில்லாமல், அறிஞர் கடல்கடந்து போய்ப் படித்தாராம். அதைச் சொல்லும்போது சாருக்குக் கண் கலங்கியது. அந்நிய மண்ணில் இருந்துகொண்டு தாய்மொழிக்கு உழைப்பதில் தாமும் அவரும் ஒன்று என்று நினைப்பு. முதல் பக்கத்தை அச்செடுத்து, கூட வந்த மகளிடம் பெருமையாக நீட்டினார். அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டாட், எனக்குத் தமிழ் ரீட் பண்ண வராதே. இங்கிலீஷ்ல எப்போ வரும்?"

கபீல் யார்?

முருகேசன் ராமநாதபுரத்துக்காரர், ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் பேக்டரியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு விண்ணப்பம் தட்ட வந்தவர், திரையில் அந்தத் தாடிப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவரு யாருண்ணே?" என்றார். சொன்னேன். ஒரு பிரபுவின் தயவில் பழைய ஏடுகளைப் படித்து, பெரிய அகராதி எழுதியவர். அகராதியின் முதல் பக்கத்தில் தன் பெயர்தான் பெரிதாக வரவேண்டும் என்று பிரபு சொன்னார். அறிஞரும் அப்படியே போட்டார்.

விசா கொடுத்து ஆளை வைத்திருக்கும் அரபு முதலாளியை இங்கே கபீல் என்போம். முருகேசன் யோசிக்கவே இல்லை. "அப்ப அந்தப் பிரபுதான் கபீல். பாஸ்போர்ட்டும் அவருகிட்டதான் இருந்திருக்கும்."

கோபுரமும் சூளையும்

மூன்றாவது நோட்டில் அறிஞரின் கடிதம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய மொழியின் சில எழுத்துகள் இன்றைய ஆங்கிலத்தில் கிடையாது. அவற்றை ஈயத்தில் தனியாக வார்த்தார்கள். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு சொல்லும் புரியாமல், பதினோரு ஆண்டு அகராதியை அச்சுக் கோத்தவர் சாமுவேல் ட்ரெக் என்ற தொழிலாளி. வேலை முடிந்தபோது அவருக்குக் கண் தெரியவில்லை. அச்சகம் வெளியே அனுப்பிவிட்டது. அகராதியில் அவர் பெயர் இல்லை. அறிஞர் கடிதத்தில் ஒரு வரி வருத்தப்பட்டுவிட்டு, அடுத்த வரியில் மழையைப் பற்றி எழுதப் போய்விட்டார்.

அந்த ஒரு வரியையும் சந்தானம் சார் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார். இருக்கட்டும் என்று மூன்று முறை கேட்டேன். சொல்லாமல் தட்டிச் சேர்த்திருக்கலாம்தான். ஆனால் எதையும் வாசலில் நின்று உரக்கச் சொல்லிப் பழகியவன் நான், திருட்டுத்தனம் முதலாளிகளுக்கானது. சார் சிரித்தார்: "கோபுரம் பார்க்க வர்றவனுக்குச் செங்கல் சூளைக்காரன் பேர் எதுக்கு, தோழரே? எடுத்துடுங்க."

நன்றிப் பட்டியல்

வெளியீட்டு விழாவன்று சாருக்கு ஏசியில் தொண்டை கட்டிக்கொண்டது. நன்றிப் பட்டியலை என்னிடம் நீட்டி, "உங்களுக்குத்தான் மில் வாசல் குரலாச்சே" என்று கிசுகிசுத்தார். மனைவி, மாமனார், சமோசா கொடுத்த ஓட்டல், படம் பிடித்தவர். புத்தகத்தைத் தட்டியவன் இல்லை. வாசித்தேன். வாசித்து முடித்தும் மைக்கை விடவில்லை.

எங்கள் மில்லில் வேலைநீக்கமானவர்களின் பெயரை வாசலில் உரக்க வாசிப்போம். கூட்டம் "இருக்கிறார்" என்று பதில் சொல்லும். அதை அவைக்கு விளக்கினேன். இந்த அறிஞரின் அகராதியைக் கோத்துக் கண்ணிழந்தவர் ஒருவர் உண்டு என்றேன். பெயரை வாசித்தேன். முன்வரிசைக் கோட்டுகள் தங்கள் ஷூவைப் பார்த்தன. நான் அழைத்ததற்காக ராஸ் அல் கைமாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த முருகேசன் கடைசி வரிசையில் எழுந்து, "இருக்காருண்ணே" என்றார். பிறகு அங்கங்கே இன்னும் சில குரல்கள்.

மேடையை விட்டு இறங்கும்போது சந்தானம் சார் கட்டிய தொண்டையோடு காதில் சொன்னார்: "உங்க பேரை வாசிக்க மறந்துட்டீங்களே, தோழரே."

முப்பது ஆண்டுப் போராட்டத்தில் நான் மறுபடி வேலையில் சேர்த்துவிட்ட ஒரே தொழிலாளி, நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஓர் ஆங்கிலேயர்; பெயர், சாட்சிகள் முன்னிலையில் வாசிக்கப்பட்டபடி, சாமுவேல் ட்ரெக்.