முறைக்கு ஒரு கனெக்டர்

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எலக்ட்ரிகல் கடையில் நான் பைப் பக்கம் நின்றேன். ஒயர், சுவிட்சு, கனெக்டர் பக்கம் இன்னாசியம்மாள் அக்கா நின்றார். நின்றார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டூல் ஒன்று இருந்தது. வாடிக்கைக்காரர் எதிரில் உட்காரக் கூடாது என்பது முதலாளி மாதேஸ்வரன் போட்ட சட்டம். வாடிக்கைக்காரர் இல்லாத நேரம் என்று ஒன்று அந்தக் கடைக்குக் கிடையாது. ஏழு வருஷத்தில் அக்காவின் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது. ஸ்டூல் மட்டும் வாங்கிய அன்று இருந்தது போலவே புதுசாக இருந்தது.

அவருடைய கணவர் ஞானராஜ் ஒயர்மேன். பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒரு முறை வருவார். கல்யாணமான புதிதில் அவர் ஏணி மேல் நின்று வேலை செய்ய, கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே அக்கா தொழிலைக் கற்றுக்கொண்டார். எந்த இடத்துக்கு எந்த கனெக்டர் என்பதில் எங்கள் முதலாளியைவிட அவருக்கு நிதானம் அதிகம். இதை முதலாளியும் ஒப்புக்கொள்வார், அக்கா காதில் விழாத தூரத்தில்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் நின்றுபோனால் கருகிய துண்டைக் கழற்றி, காகிதத்திலோ முந்தானை முடிச்சிலோ கொண்டுவந்து மேஜை மேல் வைத்து, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்பார்கள். அந்த மாதிரி இருந்ததால்தானே அது கருகியது என்று ஒருவருக்கும் தோன்றாது. இன்னாசியம்மாள் அக்கா துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க?" என்பார்.

எரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கும். "மளிகைக் கடையில சக்கரை கேட்டா எதுக்குனு கேக்கறாங்களா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அக்கா கோபப்படவில்லை. அவரிடம் கோபத்துக்கு மிச்சம் வைத்த தெம்பு இருந்ததில்லை. "சக்கரை தப்பாப் போட்டா காப்பிதாங்க கெடும்" என்று சொல்லிவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்டார்.

அயன் பாக்ஸுக்கு என்றால் நூல் சுற்றிய ஒயரும் சூடு தாங்கும் பிளக்கும் எடுத்து வைப்பார். டி.வி. ஆன்டெனா ஒயரை இழுத்துப் போய் லைட் கனெக்டரில் முறுக்கிவிட்டு, படம் ஆடுகிறது என்று வருபவர்களுக்கு, அந்த ஒயருக்கென்று தனியாக இருக்கிற சின்ன டப்பாவைக் காட்டி, எந்தக் கம்பி எதில் நுழைய வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். திருவிழா மைக் செட்காரர்கள் மட்டும் அவரை மதித்தார்கள். கூட்டத்துக்கு நடுவே கரகரவென்று சத்தம் வந்தால் திட்டு வாங்குவது அவர்கள் இல்லையா. லைட்டுக்கு ஒரு விரல் அகலத்தில் சின்ன கனெக்டர். மோட்டாருக்குக் கனமான பித்தளை வைத்த பீங்கான் கனெக்டர். அதிலும் அலுமினியக் கம்பியும் செம்புக் கம்பியும் நேராகத் தொடக் கூடாது, தொட்டால் பூத்துப்போய் சூடேறும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொன்னால் நான்கு பேர் கேட்பார்கள். எனக்கே அலுத்துப்போகும். பைப் விற்பவன் நான், பைப்புக்கு இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது.

எண்பத்தாறாம் வருஷம் ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை. தக்காளி வரத்து உச்சத்தில் இருந்தது. மண்டியில் கூடையை இறக்கிய கையோடு பாதிப் பேர் எங்கள் கடையில் நின்றார்கள். வெயில் தகரக் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கால் காலையிலிருந்தே வீங்கியிருந்தது. பலகையில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நின்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், மண் காயாத கால். பெயர் பெரியம்மாள் என்று பிறகு தெரிந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, கரிக்கட்டை போல இருந்த சின்ன கனெக்டர் ஒன்றை மேஜையில் வைத்தார்.

"இதே மாதிரி குடும்மா. சீக்கிரம் குடு. நாகல்கொட்டாய்ல நிக்கிற பஸ்ஸு இது ஒண்ணுதான்."

அக்கா அதை எடுத்துப் பார்த்தார். பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. பின்னால் திரும்பி, ஒரு விரல் அகல கனெக்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு ஓடினார். ஏழு வருஷத்தில் அந்தக் கேள்வி கேட்கப்படாமல் ஒரு கனெக்டர் கடையை விட்டுப் போனதை அன்றுதான் பார்த்தேன். கூட்டம் சீக்கிரம் கலைந்தால் சரி என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் மேஜையைத் துடைக்கும்போது அந்தக் கரிந்த துண்டு அங்கேயே கிடந்தது. அக்கா திருப்புளியால் கரியைச் சுரண்டினார். உள்ளே ஒட்டியிருந்த அலுமினியக் கம்பி சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் பாதித் தடிமன்.

"லைட்டுக்கு இவ்வளவு தடியா ஒயரு இழுப்பாங்களா முனியப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"மோட்டாராத்தான் இருக்கும்க்கா. எரிஞ்சா திரும்பி வருவாங்க. விடுங்க" என்றேன்.

அக்கா பீங்கான் கனெக்டர் ஒன்று, கம்பி நுனியில் மாட்டுகிற லக் ரெண்டு வகை, உப்புத்தாள், திருப்புளி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு மாதா கோயிலில் பூசை, அது முடிந்தால் காலை நீட்டிப் படுக்கக் கிடைக்கிற ஒரே பகல். பூசைக்கும் போகவில்லை, படுக்கவும் இல்லை. காலை பஸ்ஸில் ஏறிவிட்டார். நடந்ததை அந்த வாரம் முழுக்க, மத்தியானச் சோற்று நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குச் சொன்னார்.

நாகல்கொட்டாய் என்பது ஒரே இடத்தில் இருக்கிற ஊர் அல்ல. காட்டுக்குக் காடு தள்ளித் தள்ளி வீடுகள். காலில் மண் காயாத, ஐம்பது வயது அம்மா என்று அடையாளம் சொன்னால் அங்கே எல்லோரும் அவர்தான். "நேத்து மோட்டார் நின்னுபோச்சே, அந்த வூடு" என்று கேட்ட பிறகே வழி கிடைத்தது. மோட்டாருக்கென்று சில மணி நேரம் மட்டும் விடுகிற கரண்டு, அன்று அந்தப் பக்கத்துக்குப் பத்து மணிக்கு. அக்கா வரப்பில் இறங்கும்போதே மணி பத்தரை. தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வீங்கிய காலோடு வரப்பில் ஓடியிருக்கிறார்.

மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்ததும் ரப்பர் கருகும் வாடை. ஏழரை ஹெச்.பி. மோட்டார். ஸ்டார்ட்டர் இரும்புப் பெட்டிக்கு மேலேயே அந்தச் சின்ன கனெக்டரைத் தொங்கவிட்டு ஒயரை இணைத்திருந்தார்கள். அது நடுவில் இளகி, ஒரு கம்பி சரிந்து, இரும்புப் பெட்டிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. தொட்டால் பெட்டி முழுக்கக் கரண்டு ஏறும். அதை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் கம்பி எங்கே என்று பார்த்தால், அதை வெளியே இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே கொடியாகக் கட்டியிருந்தார்கள், மேலே ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது.

ஆள் அரவம் கேட்டு, தக்காளிக் காட்டில் மடை திருப்பிக்கொண்டிருந்த பெரியம்மாள் மண்வெட்டியோடு வந்தார். முழங்கை வரைக்கும் ஈரம்.

"என்னம்மா, கடைக்கார அம்மாவா? இரு, மோட்டார நிறுத்திட்டு வரேன்" என்று ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க. அம்மா, தொடாதீங்க. அப்படியே பின்னால போங்க."

அக்கா அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை, அக்காவே கேட்டதில்லை. பெரியம்மாள் பயந்து நின்றுவிட்டார். அக்கா கொடியில் நன்றாகக் காய்ந்திருந்த சேலையை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு, மரப்பலகையில் இருந்த பீங்கான் பீஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கினார். பொறி பறந்தது, மோட்டார் நின்றது. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். 

உட்கார்ந்தபடியே கேட்டார். "ஏங்கம்மா, இத்தனை பெரிய மோட்டாருக்கு யாருங்க இதப் போடச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? போன தடவ முனிராஜு இதத்தான் போட்டான். அதுக்கு முன்ன அவங்க அண்ணனும் இதத்தான்."

அது பங்குக் கிணறு. பெரியம்மாளின் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் பங்கை இந்த அம்மா தனியாளாகப் பார்த்தார். மற்ற மூன்று பங்கும் வீட்டுக்காரரின் தம்பி மக்களுடையது, அதில் ஒருவன்தான் முனிராஜ். ஆளுக்கு இரண்டு நாள் முறை. யார் முறையில் எது பழுதாகிறதோ அவர்தான் மாற்ற வேண்டும் என்பது பேச்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் முறை இரண்டு நாள் ஓடினால் போதும் என்று ஒவ்வொருவரும் இருப்பதிலேயே சின்னதாக வாங்கிப் போட்டார்கள். கருகினால் அடுத்தவன் முறையில் கருகட்டும். நான்கு வீட்டுக்கும் சோறு போடுகிற மோட்டாரை, லைட் எரிக்கிற கனெக்டரில் தொங்கவிட்டிருந்தார்கள். ஊரோடு ஊராகத்தான் பெரியம்மாளும் செய்தார்.

அக்கா வேலையை ஆரம்பித்தார். கருகிய நுனிகளை வெட்டி, கம்பியை உப்புத்தாளால் வெள்ளை தெரியத் தேய்த்து, அலுமினியத்துக்கு அலுமினிய லக், செம்புக்கு ஈயம் பூசிய லக் மாட்டி இறுக்கி, பீங்கான் கனெக்டரைப் பெட்டிமேல் தொங்கவிடாமல் சுவரில் பலகை வைத்து அடித்தார். கொடிக் கம்பியை அவிழ்த்து மறுபடி எர்த்தாகக் கட்டினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெரியம்மாள் வாசலில் நின்று தக்காளிக் காட்டையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நனைந்தது நான்கு பாத்தி. மிச்சம் எல்லாம் வாடிக் கிடந்தது.

பீஸ் கட்டையைத் திருப்பி மாட்டிப் பொத்தானை அமுக்கியபோது மோட்டார் அசையவில்லை. அக்கா டெஸ்டரை வைத்துப் பார்த்தார். கரண்டு போயிருந்தது. சாயங்காலம் வரைக்கும் வரவில்லை.

பெரியம்மாள் மெதுவாகத்தான் பேசினார். "நல்லதாப் போட்டுட்டீங்க. இன்னியோட என் முறை முடிஞ்சுது. நாளைக்கு முனிராஜு முறை. அவன் காட்டுக்குத் தண்ணி சொகமாப் பாயும். என் தக்காளிக்கு?"

 செத்துப் போயிருப்பீங்க என்று அக்கா சொல்லியிருக்கலாம். ஆனால் சாகாமல் நிற்கிறவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? தக்காளி வாடுவதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கிளம்பும்போது மனசு கேட்காமல் அக்கா நின்றார்.

"ஒண்ணு சொல்லணுங்க. நேத்து அந்தத் துண்டப் பாத்ததுமே மோட்டாருதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் கேக்கல. காலு வலி, கூட்டம். ஒரு ஆளு, ஒரு தடவ கேக்காம விட்டா என்னன்னு தோணிச்சு. அலுத்துப்போச்சுங்க. என்ன மன்னிச்சிடுங்க."

இதைச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து என்னிடம் சொல்லும்போது அக்கா அழுதார். சாயங்காலம்தான் கண்டுபிடித்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்த நொடியிலேயே தெரிந்திருக்கிறது.  தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

பெரியம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அக்காவைப் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட்டிவந்தாராம்.  பஸ் தெரிந்த பிறகு சொன்னாராம்.

"நீங்க கேட்டிருந்தாலும் லைட்டுக்குன்னுதான் சொல்லியிருப்பேன். மோட்டாருக்குன்னா பெரிசா வாங்கச் சொல்வீங்கன்னு எங்க ஊருல எல்லாத்துக்கும் தெரியும். உங்க கடைக்கு வரவங்க எல்லாரும் லைட்டுக்குன்னுதான் சொல்லுவோம்."

அக்கா அந்தப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லையாம். ஏழு வருஷம் நின்றுகொண்டே கேட்ட கேள்விக்கு எத்தனை பேர் பொய் சொன்னார்கள், எத்தனை கொட்டகையில் எத்தனை சின்ன கனெக்டர் இளகிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாராம். எண்ணி முடியவில்லை. அந்த வாரம் சோற்று நேரம் தவிர அக்கா என்னோடும் பேசவில்லை. கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தார். வேலையை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அதே கூட்டம், அதே வெயில். பென்னாகரம் ரோட்டுப் பக்கமிருந்து வந்த ஒருவர் கருகிய துண்டு ஒன்றை மேஜையில் வைத்தார்.

"இதே மாதிரி ஒண்ணு குடுங்க."

அக்கா துண்டை எடுத்தார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். பிறகு முதலாளியின் பக்கம் பார்க்காமல் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். முதலாளி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

வந்தவர் தானாகவே, "லைட்டுக்குங்க" என்றார்.

அக்கா கரியை நகத்தால் சுரண்டிப் பார்த்து, துண்டை மேஜையில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"கெணத்துல எத்தன பங்குங்க?"

அவர் பக்கத்தில் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளப் போனவர், திரும்ப மேஜையிலேயே வைத்தார்.

"அஞ்சுங்க" என்றார்.